தண்ணி கொதிக்கேக்க உடையிறது எது, உப்பு கரையேக்க பிரியிறது எது

மாங்குளம் பக்கத்தில தரம் 10 படிக்கிற ஒரு பிள்ளை கேட்டிருக்கிறா. அணுக்கள் இலத்திரனைப் பங்கிட்டுச் சேருற பங்கீட்டு வலுப்பிணைப்பு பலமான பிணைப்பு எண்டு படிச்சதாம், தண்ணிக்குள்ள இருக்கிறதும் அந்தப் பிணைப்புத்தானாம், அப்ப ஏன் தண்ணி வெறும் 100 பாகையில கொதிச்சு ஆவியாப் போகுது, உப்பு உருக மட்டும் 801 பாகை செல்சியஸ் வேணும் எண்டு கிடக்கு, சரி உப்பு அவ்வளவு பலமெண்டா அதே உப்பைப் பச்சைத் தண்ணியில போட்டு ரெண்டு கலக்குக் கலக்கினா காணாமப் போறது எப்பிடி எண்டு. வகுப்பில கேட்டதுக்கு "அட்டவணையைப் பாடமாக்கு, அது காணும்" எண்டு பதில் வந்ததாம்.

பிள்ளை, உந்தக் கேள்வியை விடாதேங்கோ. நான் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி 20 வருசத்துக்கு மேல, தண்ணி கொதிக்கேக்க ஐதரசனும் ஒட்சிசனுமாப் பிரியுது எண்டு எழுதின பிள்ளையளைக் கனக்கக் கண்டிருக்கிறன், நல்ல மாக்ஸ் எடுக்கிற பிள்ளையளே எழுதுவினம். அவையளில பிழை இல்லை. திண்மம் திரவம் வாயு எண்டு ஒரு வருசத்தில படிப்பிக்கிறம், பிணைப்பு எண்டு இன்னொரு வருசத்தில படிப்பிக்கிறம், ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டுறேல்ல. நீங்கள் ரெண்டையும் நீங்களாவே பக்கத்தில வைச்சுப் பாத்திருக்கிறியள், அதாலதான் முட்டுது.

முதல் பதிலைச் சொல்லிப்போடுறன், பிறகு விளக்கத்துக்கு வாறன். தண்ணி கொதிக்கேக்க அந்தப் பங்கீட்டு வலுப்பிணைப்பு உடையிறேல்ல. ஒவ்வொரு தண்ணி மூலக்கூறும் ஒரு ஒட்சிசன் ரெண்டு ஐதரசன் எண்டு முழுசாத்தான் கேத்திலை விட்டு வெளிய போகுது. விட்டுப்போறது ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையில இருந்த ஒட்டு மட்டும்தான்.

இண்டைக்குப் பின்னேரம் பிளேன்ரீக்குத் தண்ணி வைக்கேக்க கேத்தில் மூக்கை வடிவாப் பாருங்கோ. மூக்கு முடியிற இடத்துக்கும் வெள்ளைப் புகை தொடங்கிற இடத்துக்கும் நடுவில ஒரு விரலளவு ஒண்டுமே இல்லாத மாதிரித் தெரியும். அந்த ஒண்டுமில்லாத இடத்திலதான் உண்மையான கொதிநீராவி இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாத வாயு. வெள்ளையாத் தெரியிறது ஆவி இல்லை, அது குளிர்ந்து திருப்பியும் ஒட்டிக்கொண்ட சின்னச் சின்னத் தண்ணித்துளி. ஒரு கரண்டியைக் கொண்டுபோய்ப் புகையில பிடிச்சா உடன தண்ணி முத்து முத்தாப் படியும், மூக்குக்குக் கிட்டக் கையைக் கொண்டு போகாதேங்கோ, வெள்ளைப் புகையை விட அந்தத் தெரியாத ஆவிதான் மோசமாச் சுடும். இப்ப யோசியுங்கோ, பிணைப்பு உடைஞ்சிருந்தா அந்த மூக்கால ஐதரசன் வாயுவும் ஒட்சிசன் வாயுவும் வந்திருக்கோணும், கீழ அடுப்பு எரியுது, குசினியே வெடிச்சிருக்கும். கரண்டியில தண்ணி படிஞ்சிருக்காது.

கணக்கிலயும் பாக்கலாம். 18 கிராம் தண்ணி, அதாவது ஒரு மூல் (இரசாயனத்தில மூலக்கூறுகளை எண்ணுற அளவு), கிட்டத்தட்ட ஒண்டே கால் மேசைக்கரண்டி அளவு. அதை 100 பாகையில முழுசா ஆவியாக்க 41 கிலோயூல் அளவு சக்தி காணும். ஆனா அதே 18 கிராமில உள்ள ஐதரசன் ஒட்சிசன் பிணைப்பு எல்லாத்தையும் உடைக்க வேணுமெண்டா 926 கிலோயூல் வேணும், 22 மடங்குக்கும் மேல. ஐஸை உருக்கிறதுக்கு 6 கிலோயூல் போதும். 6, 41, 926 எண்ட மூண்டு இலக்கத்தையும் ஒருக்கா வரிசையா எழுதிப் பாருங்கோ, உங்கட கேள்வியின்ர பாதிக்குப் பதில் அதுக்குள்ள இருக்கு. பிணைப்பு பலமானதுதான், புத்தகம் பொய் சொல்லேல்ல. அந்தப் பலத்தை 100 பாகையில ஒருத்தரும் சோதிக்கிறேல்ல, அவ்வளவுதான்.

நான் வகுப்பில வற்றாப்பளைப் பொங்கலைத்தான் சொல்லுறனான். வைகாசியில கண்ணகி அம்மன் கோயில்ல அந்தச் சனத்தை நினைச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு குடும்பமும் ஒரு மூலக்கூறு, தாய் பிள்ளையின்ர கையை இறுக்கிப் பிடிச்சிருக்கிறா, அது பங்கீட்டு வலுப்பிணைப்பு. அன்னதானப் பந்தியில எல்லாரும் வரிசையாக் குந்தியிருக்கினம், அசைஞ்சு கொடுப்பினம் ஆனா இடம் மாறமாட்டினம், அது திண்மம். பந்தி எழும்பினாப் பிறகு வீதியில நெருக்குப்பட்டு உரசிக்கொண்டு போகினம், இப்ப பக்கத்தில நிக்கிறது வேற குடும்பம், கொஞ்சத்தால இன்னொரு குடும்பம், ஆனா நெருக்கம் நெருக்கந்தான், அது திரவம். விடிஞ்சா முள்ளியவளை, ஒட்டுசுட்டான், வவுனியா எண்டு வந்த வந்த பக்கத்துக்குப் பிரிஞ்சு போயிடுவினம், அது வாயு. இவ்வளவும் நடந்தும் தாய் பிள்ளையின்ர கையை விடேல்ல. சனம் கலைஞ்சது, குடும்பம் கலையேல்ல.

இது விளங்கினா அடுத்தது லேசு. தண்ணி மாதிரி சின்ன மூலக்கூறுகளால ஆன ஒரு பதார்த்தம் எத்தினை பாகையில உருகும் எத்தினை பாகையில கொதிக்கும் எண்டதைத் தீர்மானிக்கிறது குடும்பத்துக்குள்ள உள்ள பிடி இல்லை, குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில உள்ள பிடி. அதைத்தான் மூலக்கூற்றிடை விசை எண்டு சொல்லுறது.

இதுக்கு நல்ல சாட்சி உங்கட வீட்டிலயே இருக்கு. சமையல் காஸ், பெற்றோல், மண்ணெண்ணெய், மெழுகுதிரி. நாலும் காபனும் ஐதரசனும்தான், நாலுக்குள்ளயும் அதே காபன் காபன் பிணைப்பு, அதே காபன் ஐதரசன் பிணைப்பு, பலத்தில பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஒண்டு வாயு, ரெண்டு திரவம், ஒண்டு திண்மம். ஏனெண்டா சங்கிலியின்ர நீளம் வேற. சமையல் காஸில மூண்டு நாலு காபன்தான் இருக்கு, சிலிண்டருக்குள்ள அமுக்கி வைச்சதால திரவமாக் கிடக்கு, குலுக்கினாச் சத்தம் கேக்கும், வால்வைத் திறந்தா வாயுவாகிடும். பெற்றோல்ல நாலில இருந்து பன்னிரண்டு காபன் வரைக்கும், மண்ணெண்ணெயில பத்தில இருந்து பதினாறு அளவு, மெழுகில இருபதுக்கு மேல. சங்கிலி நீள நீள ஒண்டோட ஒண்டு தொடுற இடம் கூடும், தொடுற ஒவ்வொரு இடத்திலயும் ஒரு மெல்லிய ஒட்டு இருக்கு, மெல்லியதுதான் ஆனா கனக்கச் சேர்ந்தாப் பலம். அந்த மெல்லிய ஒட்டைத்தான் ஏ எல்லில வந்தர்வாலிசு விசை எண்டு படிப்பியள், வந்தர்வாலிசு எண்ட ஒல்லாந்து விஞ்ஞானிக்கு 1910 இல நோபல் பரிசு கிடைச்சது.

இதை நான் புத்தகத்தில விளங்க முதல் றோட்டில விளங்கினனான். 90களில பொருளாதாரத் தடை எண்டு பெற்றோல் வன்னிக்குள்ள வராது, வந்தாலும் விலை கேக்கேலாது. மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஆனா மண்ணெண்ணெயில ஸ்ராட் வராது. அதுக்கெண்டு ஒரு சின்னப் போத்தில்ல கொஞ்சப் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைச்சிருப்பினம், காபரேற்றருக்குள்ள நாலு சொட்டு விட்டு உதைச்சு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திவிடுவினம், பின்னால வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு போகும். அப்ப எனக்குப் பதினைஞ்சு வயசு இருக்கும், ஏன் அந்த நாலு சொட்டு வேணும் எண்டு கராஜ் அண்ணையிட்டக் கேட்டன். "இது பறக்கும் தம்பி, அது பறக்காது, சூடு காட்டினாத்தான் பறக்கும்" எண்டார். அவர் சொன்னது அச்சொட்டான விஞ்ஞானம். பெற்றோல் சைபருக்குக் கீழ 40 பாகையிலயே பத்தக்கூடிய அளவுக்கு ஆவி விடும், மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேணும், அதாலதான் மண்ணெண்ணெயை ஜாம் போத்தலுக்குள்ள விட்டுத் திரி போட்டு விளக்கா வைச்சுப் பக்கத்தில இருந்து படிக்க முடிஞ்சது, பெற்றோலை அப்பிடி வைச்சிருந்தா வீடு எரிஞ்சிருக்கும். உள்பிணைப்பு ரெண்டிலயும் ஒண்டுதான், நீளம்தான் வேற, அந்த நீளம் ஒரு ஊரின்ர போக்குவரத்தையும் படிப்பையும் தீர்மானிச்சது.

சரி, இப்ப நீங்கள் இன்னொரு கேள்வி கேக்கோணும். நீளம்தான் காரணமெண்டா தண்ணி மூலக்கூறு இவ்வளவு சின்னதாச்சே, அது ஏன் காஸா இல்லாம திரவமா இருக்கு? நியாயமான கேள்வி. தண்ணியின்ர சொந்தக்காரன் ஒண்டு இருக்கு, ஐதரசன் சல்பைட்டு, கூழ்முட்டை மணக்குமே அந்த வாயு. ஒட்சிசன் இருந்த இடத்தில கந்தகம் இருக்கு, வடிவமும் கிட்டத்தட்ட அதே வடிவம். அது தண்ணியை விடப் பாரம் கூடின மூலக்கூறு, ஆனாலும் சைபருக்குக் கீழ 60 பாகையிலயே கொதிச்சு வாயுவாகிடும். அந்த முறையில பாத்தா தண்ணியும் வாயுவாத்தான் இருந்திருக்கோணும்.

இருக்காததுக்குக் காரணம் ஒட்சிசன்ர இழுவை. மின்னெதிர்த்தன்மை எண்டு ஒரு அட்டவணை படிச்சிருப்பியள், ஒட்சிசனுக்கு 3.5, ஐதரசனுக்கு 2.1. இலத்திரன் சோடியை ரெண்டு பேரும் பங்கிட்டிருக்கினம் எண்டு சொன்னாலும் ஒட்சிசன் தன்ர பக்கம் கூட இழுத்து வைச்சிருக்கு, அதால ஒட்சிசன் பக்கம் கொஞ்சம் மறையேற்றம், ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேரேற்றம். இப்ப ஒரு மூலக்கூறின்ர ஐதரசன் பக்கத்து மூலக்கூறின்ர ஒட்சிசனைப் பிடிக்கும். அதுதான் ஐதரசன் பிணைப்பு. உண்மையான பங்கீட்டு வலுப்பிணைப்போட பாத்தா இருபதில ஒரு பங்கு பலம்தான், ஆனா ஒரு மூலக்கூறு நாலு பேரைப் பிடிக்கலாம், திரவத்தில விட்டு விட்டுத் திருப்பிப் பிடிச்சுக்கொண்டே இருக்கும். அந்தப் பிடி இல்லையெண்டா இரணைமடுக் குளத்தில ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது, எங்கட நெல்லும் இல்லை, நாங்களும் இல்லை. நான் இதைப் படிப்பிக்கிற ஒவ்வொரு வருசமும் இந்த இடத்தில கொஞ்சம் நிண்டுதான் போறனான், அவ்வளவு மெல்லிய ஒரு பிடி இவ்வளவு பெரிய வேலை செய்யுது. ஐஸ் தண்ணியில மிதக்கிறதும் இதாலதான், நாலு பக்கமும் கை நீட்டிப் பிடிச்சு நிண்டா நடுவில இடைவெளி விழும், அதுதான் பிரிஜில முட்ட முட்ட நிரப்பி வைச்ச போத்தில் வீங்கி வெடிக்கிறது.

இனி உப்புக்கு வருவம்.

உப்பில மூலக்கூறு எண்ட ஒண்டே இல்லை. இதை ஏற்கத்தான் பிள்ளையளுக்குக் கஷ்டம், ஏனெண்டா சோடியம் குளோரைட்டு எண்டு சேர்த்து எழுதிறதால ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சோடி போட்டுக்கொண்டு நிக்கிற மாதிரி மனசில படம் விழுந்திடும். உண்மையில சோடியம் ஒரு இலத்திரனைக் குடுத்து நேரேற்றம் எடுத்திடும், குளோரின் அதை வாங்கி மறையேற்றம் எடுத்திடும், இப்பிடி ஏற்றம் எடுத்த அணுவைத்தான் அயன் எண்டு சொல்லுறது, பிறகு ஒவ்வொரு சோடியம் அயனையும் சுத்தி ஆறு குளோரைட்டு, ஒவ்வொரு குளோரைட்டையும் சுத்தி ஆறு சோடியம், மேல கீழ இடம் வலம் முன் பின் எண்டு கட்டு முழுக்க இப்பிடியே போகும். ஆர் ஆற்ற சோடி எண்டு சொல்லவே ஏலாது. இதை 1913 இல எக்ஸ் கதிரை வைச்சுக் கண்டுபிடிச்சது பிராக் எண்ட தகப்பனும் மகனும், 1915 இல ரெண்டு பேருக்கும் சேர்த்து நோபல் குடுத்தது, மகனுக்கு அப்ப வயசு 25. உப்பில மூலக்கூறு இல்லை எண்டதைப் பெரிய இரசாயனவியலாளர் சிலரே கன காலம் ஏற்கேல்ல, ஆம்ஸ்ரோங் எண்ட இங்கிலாந்து இரசாயனவியலாளர் 1927 இலயும் அதை மறுத்து எழுதினவர். அப்ப உங்களுக்கு உடன விளங்கேல்ல எண்டா கவலைப்பட ஒண்டுமில்லை.

ஆனையிறவுப் பக்கம் போனா கல்லுப்பு கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாங்கோ, அரைச்ச உப்பு வேண்டாம், கல்லுப்புத்தான். ஒரு பெருக்குக் கண்ணாடியால பாருங்கோ. ஓரம் நேராயிருக்கும், மூலை சதுரமா இருக்கும், சிலதில பெட்டிக்கு மேல பெட்டி அடுக்கின மாதிரிப் படி தெரியும். ஒருத்தரும் வெட்டேல்ல, சோழகக் காத்துக்கும் வெயிலுக்கும் பாத்தியில தண்ணி வத்த வத்த அதாவே அப்பிடி விளைஞ்சது. உள்ள அயன்கள் ஆறு பக்கமும் அடுக்கினதுதான் வெளிய உங்கட கண்ணுக்குச் சதுரமாத் தெரியுது. பிறகு அந்தக் கல்லைச் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டுங்கோ, நசியாது, பொடிப்பொடியாச் சிதறும். அடிச்ச அடியில ஒரு அடுக்கு கொஞ்சம் விலகினாக் காணும், நேரேற்றத்துக்கு நேர நேரேற்றம் வந்திடும், ஒண்டையொண்டு தள்ளிவிட்டிடும். இரும்பை அப்பிடி அடிச்சா நசியும், கொல்லன் பட்டறையில கத்தி தட்டுறது அதை நம்பித்தான், ஏனெண்டா உலோகத்தில இலத்திரன்கள் ஆருக்கும் சொந்தமில்லாமப் பொதுவா ஓடித்திரியுது, அடுக்கு வழுக்கினாலும் அந்தப் பொதுப் பிடி விடாது.

அப்ப உப்பை உருக்கிறது எண்டா என்ன? இங்க குடும்பத்துக்கு இடையில உள்ள மெல்லிய பிடி எண்டு ஒண்டு இல்லவே இல்லை. எல்லாப் பிடியும் அயன் பிணைப்புத்தான், அதைத்தான் நேரடியாத் தளர்த்தோணும், அதுக்குத்தான் 801 பாகை. தண்ணியையும் உப்பையும் ஒப்பிடேக்க நீங்கள் ஒப்பிட்டது பங்கீட்டு வலுப்பிணைப்பையும் அயன் பிணைப்பையும் எண்டு நினைச்சிருப்பியள். உண்மையில ஒப்பிடப்பட்டது ஐதரசன் பிணைப்பும் அயன் பிணைப்பும். அதுதான் அந்தப் பெரிய வித்தியாசம்.

இப்ப கரையிறதுக்கு வாறன், இதுதான் எனக்கு மிகப் பிடிச்ச பகுதி.

அடுப்புச் சூடு உப்பைக் கண்மண் தெரியாமல் உலுப்பித்தான் பிரிக்கப் பாக்கும். தண்ணி அப்பிடிச் செய்யிறேல்ல. தண்ணி மூலக்கூறுக்கு ஒரு பக்கம் மறை, ஒரு பக்கம் நேர் எண்டு சொன்னனானே. கல்லின்ர மூலையில நிக்கிற ஒரு சோடியம் அயனைப் பாத்து நாலஞ்சு தண்ணி மூலக்கூறு ஒட்சிசன் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வந்து சூழும், குளோரைட்டைப் பாத்து வேற கொஞ்சம் ஐதரசன் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வரும். அந்த அயனுக்கு பழைய இடத்தில கிடைச்ச இழுவை கிட்டத்தட்ட அவ்வளவும் இந்தப் புது ஆக்களிட்ட இருந்து கிடைச்சிடும், அப்ப அது கல்லை விட்டுக் கழண்டு வரும். பிறகு அடுத்த மூலை. கணக்குச் சொல்லுறன் பாருங்கோ: ஒரு மூல் உப்பை, அதாவது 58 கிராம் அளவு, தனித்தனி அயனாப் பிரிச்சுத் தூரத் தூர வைக்க 787 கிலோயூல் வேணும். தண்ணி அந்த அயன்களைச் சூழ்ந்து பிடிக்கேக்க 783 கிலோயூல் திருப்பிக் கிடைக்குது. மிச்சம் நாலே நாலு. அந்த நாலைத் தண்ணி தன்ர சூட்டில இருந்து குடுத்திடும், அதால உப்புக் கரைச்ச தண்ணி மிக மிகக் கொஞ்சம் குளிரும், கைக்குத் தெரியாது.

கைக்குத் தெரிய வேணுமெண்டா யூரியாவைப் பாருங்கோ. வயலுக்கு யூரியா கரைக்கேக்க வாளியை வெளிப்பக்கம் தொட்டிருக்கிறியளோ, சில்லெண்டு இருக்கும், சித்திரை வெயில்லயும் வாளி வியர்க்கும். அங்க தண்ணி கூடக் குடுக்க வேண்டியிருக்கு, மூலுக்கு 15 கிலோயூல் அளவு. யூரியா அயன் இல்லை, மூலக்கூறுதான், அதின்ர மூலக்கூறுகள் தங்களுக்குள்ள ஐதரசன் பிணைப்பால பிடிச்சிருக்கு, அந்தப் பிடியை விடுவிக்கத்தான் அந்தச் சூடு போகுது. அப்பா அம்மாவிட்டக் கேளுங்கோ, எல்லா விவசாயிக்கும் இது தெரியும், ஏனெண்டுதான் ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்ல.

உப்புக் கரைஞ்சாப் பிறகு அயனாத்தான் இருக்கு எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டா, மின்சாரம். நாங்கள் ஓ எல் படிச்ச காலத்தில வன்னியில பற்றி கிடைக்காது, தடைப்பட்ட சாமானில அதுவும் ஒண்டு. சைக்கிளைக் கவிட்டு நிப்பாட்டி, ஒருத்தன் பெடலைக் கையால சுத்த, டைனமோவில இருந்து ஒரு வயரை நேரா பல்புக்கும், மற்ற வயரை செத்த பற்றிக்குள்ள இருந்து எடுத்த கரிக்கோலுக்கும் குடுத்து, இன்னொரு கரிக்கோலால பல்புக்குத் திருப்பிக் கொண்டு போனம். ரெண்டு கோலையும் காஞ்ச உப்புக்குள்ள குத்தினா ஒண்டுமில்லை. கிணத்துத் தண்ணிக்குள்ள விட்டாலும் ஒண்டுமில்லை. பிறகு அந்தத் தண்ணிக்குள்ள உப்பைக் கை நிறைய அள்ளிப்போட்டுக் கலக்கிக் கோல் ரெண்டையும் கிட்டக் கொண்டுவந்தம், பல்புக்குள்ள அந்த மெல்லிய கம்பி சிவத்தது. வெளிச்சம் எண்டு சொல்லேலாது, பீடி நெருப்பளவு சிவப்பு. ஆனா சுத்தினவன் சுத்திறதை விட்டிட்டு ஓடிவந்து பாத்தான், அணைஞ்சிட்டுது, திருப்பிச் சுத்தச் சொல்லித் திருப்பிப் பாத்தம். உப்பும் தனிய கடத்தேல்ல, தண்ணியும் அந்தளவுக்குக் கடத்தேல்ல, ரெண்டும் சேர்ந்தா கடத்துது. ஏனெண்டா கல்லுக்குள்ள அயன் இருக்கு ஆனா அசையேலாது, தண்ணிக்குள்ள அசையலாம். உருக்கின உப்பும் இதே காரணத்தால கடத்தும். ஒண்டு சொல்லோணும், டைனமோ ஆறு வோல்ற்றுத்தான், வீட்டுக் கறண்டில இதை ஒருக்காலும் செய்து பாக்காதேங்கோ, செத்துப்போவியள்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எண்டு பேர் கேள்விப்பட்டிருப்பியள், 1950களில தொடங்கினது. ஆனையிறவு உப்பைக் கொண்டுவந்து கரைச்சு, அந்தக் கரைசலுக்குள்ள மின்சாரம் விட்டு, ஒரு பக்கம் குளோரின் வாயு, மற்றப் பக்கம் ஐதரசன், கரைசல்ல எரிசோடா எண்டு எடுத்தவை. மின்பகுப்பு எண்டு புத்தகத்தில படம் போட்டிருக்கே, அது ஒரு காலத்தில எங்கட ஊர்த் தொழில். யுத்தத்தோட 80களில நிண்டுபோச்சு. எங்கட பிள்ளையள் அந்தப் பாடத்தைப் படிக்கேக்க அந்தக் கட்டடத்தைக் காட்டிப் படிப்பிக்கோணும் எண்டது என்ர கன நாள் ஆசை.

இனி உங்கட அட்டவணைக்கு. "பங்கீட்டு வலுச் சேர்வைகளுக்கு உருகுநிலை குறைவு" எண்டு அதில எழுதியிருக்கும். அந்த வசனத்துக்கு முன்னால "சின்ன மூலக்கூறா இருக்கிற" எண்டு பென்சிலால எழுதி வையுங்கோ. ஏனெண்டா முல்லைத்தீவுக் கடற்கரையில காலில ஒட்டுற மணலில கூடின பங்கு சிலிக்கன் ஈரொட்சைட்டுப் படிகம், அதுவும் பங்கீட்டு வலுப்பிணைப்புத்தான், ஆனா உருக 1700 பாகைக்கு மேல வேணும். அங்க மூலக்கூறு இல்லை, ஒரு மணலின்ர இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரே பிணைப்பு வலை, உருக்கிறதெண்டா அந்தப் பிணைப்பையே உடைக்கோணும். வைரமும் அப்பிடித்தான். பங்கீட்டு வலுப்பிணைப்பின்ர உண்மையான பலம் எவ்வளவு எண்டு பாக்க வேணுமெண்டா தண்ணியைப் பாக்காதேங்கோ, மணலைப் பாருங்கோ.

பரீட்சையில எழுதேக்க "நீர் கொதிக்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை வெல்லப்படுகின்றது, மூலக்கூறினுள் உள்ள பிணைப்பு உடைவதில்லை" எண்டு ரெண்டு பகுதியும் எழுதுங்கோ. முதல் பகுதியோட நிப்பாட்டிற பிள்ளையள்தான் கூட, ரெண்டாவதை எழுதினாத்தான் விளங்கி எழுதியிருக்கிறியள் எண்டு திருத்திற ஆளுக்குத் தெரியும்.

கடைசியா ஒரு சோதனை, அம்மா பக்கத்தில நிக்கேக்கதான். ஒரு பழைய தகரப் பேணியை வடிவாக் காய வைச்சு, காஞ்ச சீனி ரெண்டு கரண்டி போட்டு மெல்லிய நெருப்பில வையுங்கோ. முதல் உருகும், அது சீனி மூலக்கூறுகளுக்கு இடையில உள்ள பிடி விடுறது, இவ்வளவு நேரமும் கதைச்ச அதே விசயம். ஆனா நெருப்பை விடாமப் பிடிச்சா மஞ்சளாகி, மண்ணிறமாகி, பனங்கட்டி அடிப்பிடிக்கிற மாதிரி ஒரு மணம் வரும், பிறகு கறுத்துப் பொங்கும். அந்த நேரம் ஒரு குளிர்ந்த தட்டை இடுக்கியால பிடிச்சுப் பேணிக்கு மேல கொஞ்சம் உயரத்தில கவிட்டுப் பிடியுங்கோ. தட்டில தண்ணித்துளி படியும். பேணி காஞ்சது, சீனி காஞ்சது, அந்தத் தண்ணி சீனி மூலக்கூறுக்குள்ள இருந்த ஐதரசனும் ஒட்சிசனும் பழைய பிணைப்பை உடைச்சுப் புதுசாச் சேர்ந்து வந்த தண்ணி. கீழ மிஞ்சிக் கிடக்கிற கறுப்பு, காபன். கேத்தில்ல ஒரு நாளும் நடக்காதது பேணிக்குள்ள நடந்திருக்கு.